அம்மாவும் எட்டு நாய்களும்

அம்மா எட்டு நாய்களோடு வந்து நின்றாள். பெற்ற மகளை மூன்று வருடம் கழித்துப் பார்க்க வருகிற லட்சணமா இது?

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேருந்து எங்கள் மலையூரான உமவாக்காவிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் ஓடி, தலைநகர் புவெனோஸ் அய்ரெசில் எங்களை இறக்கிவிட்டிருந்தது. மற்றவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள். நான் அம்மாவைக் கையோடு கூட்டிப்போக வந்தவள். ஆறு மாதத்தில் திரும்பிவிடுகிறேன் என்று இங்கே வேலைக்குக் கிளம்பியவள் வரவேயில்லை. அப்பா, இரண்டு அண்ணன்கள், எல்லோருக்கும் சமையல் என் தலையில். பரீட்சைக்குப் படிப்பதுகூட உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டேதான். சாயங்காலம் பேருந்து கிளம்பிவிடும். அதற்குள் அவளைச் சம்மதிக்க வைக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தேன்.

“ஒரு நாள் லீவு போட முடியாதாம்மா?”

“நாய்க்கு ஏதுடீ லீவு? வா, நடந்துக்கிட்டே ஊரைக் காட்டுறேன்.”

பணக்கார வீட்டு நாய்களை உலாவக் கூட்டிப்போவதுதான் அவள் வேலை. கயிறுகளையெல்லாம் இடுப்பு வாரில் மாட்டியிருந்தாள். ஊரில் குனிந்தே நடந்தவள், இங்கே நடைபாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நடந்தாள். ரெகோலெத்தா கல்லறைத் தோட்டத்துக்குள் நாய்களை விடமாட்டார்கள். “இவ்வளவு தூரம் வந்துட்டு பாக்காம போவியா?” என்று என்னை மட்டும் உள்ளே தள்ளினாள். பளிங்குத் தேவதைகளை ஓட்டமாய்ப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தேன்.

“ஊருக்கு வந்துரும்மா.”

“அந்த ரப்பர் மரத்தைப் பாரு. ஒரு கிளை நம்ம வீட்டைவிட நீளம்.”

“அப்பா கேக்கச் சொன்னாரு.”

“அங்க வா, எஃகுல பூ செஞ்சு வச்சிருக்காங்க. போட்டோ எடுத்துக்கோ.”

சாலையைக் கடக்குமிடத்தில் உள்ளங்கையை உயர்த்தினாள். எட்டும் சட்டென்று உட்கார்ந்தன. கார்கள் போய் முடியும்வரை ஒன்றுகூட வாலை அசைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்த நாய்ங்களைவிட நாங்க கேவலமாப் போயிட்டோமா?”

அம்மா கோபப்படவில்லை. “கேவலம்னு நான் சொன்னேனா? நான் கையைத் தூக்குனா இதுங்க உக்காருது. நம்ம வீட்டுல தொண்டை வத்தக் கத்தினேன். ஒருத்தராவது திரும்பிப் பாத்தீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒருத்தராக நானும் இருந்ததில்லை.

“அப்போ வரமாட்ட?”

“வரமாட்டேன்டி. நீயும் அந்தச் சட்டியைக் கீழ வையி. அவங்களுக்கும் ரெண்டு ரெண்டு கை இருக்குல்ல? படிச்சு முடி. அப்புறம் உனக்கு எங்க நிக்கத் தோணுதோ அங்க நில்லு.”

பேருந்து நின்ற இடம்வரை நாய்களோடு கூடவே வந்தாள். சூடான எம்பனாடா இரண்டை வாங்கி என் கையில் திணித்தாள். மாவுக்குள் கறி அடைத்துச் சுட்டது, எனக்குப் பிடித்தது. மறக்கவில்லை என்பது தெரிந்ததும் அழுகை முட்டியது. ஆனாலும் நான் அவள் மகள்தானே, அவ்வளவு சீக்கிரம் விடுவேனா? வண்டி நகர்ந்ததும் இருக்கையிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

“பரீட்சை முடிஞ்சதும் திரும்ப வருவேன்! உன்னைக் கூட்டிட்டுத்தான் போவேன்!”

அம்மா கையை உயர்த்தினாள். டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்தேன். உள்ளங்கை விரிந்தது. நடைபாதையில் எட்டு நாய்களும் உட்கார்ந்தன.

பேருந்துக்குள் நானும் உட்கார்ந்தேன்.