மில் ஓடட்டும், அக்கா

முத்தியால்பேட்டையில் மாவு மில்லுக்கு மேல் உள்ள மாடியறையைப் பாட்டுப் பதிவுக்கென்று யாராவது வாடகைக்கு எடுப்பார்களா? செம்மல் எடுத்தான். அவன் சிந்தசைசர் வாசிப்பான், நிலவன் கம்ப்யூட்டரில் தாளம் சேர்ப்பான், சுடர்விழி பாடுவாள். அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு ஒரே விதிதான்: குரலைத் தவிர எல்லாம் மின்சாரத்தில் பிறந்த ஒலி; வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வரக் கூடாது.

மில் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற பாட்டுகள் முடிந்துவிட்டன. மில் ஓடும் வாரநாளில் மெட்டுக் கட்டிப் பழகிய கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. இரவல் சிந்தசைசரோ அந்தப் புதன்கிழமை மாலையே பஸ்ஸில் சென்னைக்குத் திரும்ப வேண்டும்.

சுடர்விழி தயங்கித் தயங்கி, மில்லை நடத்தும் அக்காவிடம் இறங்கினாள்.

"தனக்கொடி அக்கா, கொஞ்ச நேரம் மில்ல நிறுத்தறீங்களா? கடைசிப் பாட்டு."

"இதக் கேக்கறதுக்கா இந்த முழி முழிக்கிற? போ, நல்லாப் பாடு."

அக்கா மோட்டாரை அணைத்தாள். அரிசியோடு வந்தவர்களை அப்புறம் வரச் சொன்னாள்.

மேலே சுடர்விழி பாடினாள். சுருதி நழுவியது. மறுபடியும் பாடினாள், மறுபடியும் நழுவியது.

"பாட்டு இங்க இருக்கு, நீ ஊருக்கு வெளிய நோணாங்குப்பத்துல படகு ஏறிட்ட" என்றான் நிலவன்.

செம்மல் ஒத்திகைப் பதிவை ஓடவிட்டான். அதில் குரல் அசையாமல் நின்றது. அதற்கு அடியில், ஒரே சீராக, ஒரு ரீங்காரம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பாட்டுக்கு இத்தனை நாளும் அவள் சுருதி பிடித்தது மில்லிடம்!

"அப்ப நம்ம விதி?" என்றான் செம்மல் பரிதாபமாக.

"பஸ் போயிடும்டா" என்றான் நிலவன்.

கீழே அக்கா, ஹாரன் அடித்த பைக்காரனை அதட்டிக்கொண்டிருந்தாள்: "மேல பாட்டு நடக்குதுல்ல? தள்ளிக்கிட்டுப் போ!"

சுடர்விழி மறுபடியும் கீழே இறங்கினாள். இத்தனை அன்புக்கு முன்னால் சாக்குச் சொல்ல மனம் வரவில்லை.

"கோச்சுக்காதீங்கக்கா. மில்லு ஓடினாத்தான் எனக்கு இந்தப் பாட்டு வருது."

"அடிப்பாவி! நான் இருமலக்கூட அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "சும்மா ஓட்டினா கல்லு தேஞ்சிடும். இரு."

எதிர்வீட்டு அமிர்தவல்லியைக் கூப்பிட்டாள். அரிசி வந்தது, பின்னாலேயே இன்னொருத்தர் மிளகாயோடு வந்தார்.

"மிளகா அப்பறம். மேல பொண்ணு தும்மும்" என்று அக்கா அதை ஓரமாக வைத்தாள்.

மில் ஓடியது. சுடர்விழி கண்ணை மூடி, கடவுளையும் அக்காவையும் சேர்த்தே நினைத்துக்கொண்டு பாடினாள். குரல் ஓரிடத்திலும் நழுவவில்லை. கடைசிச் சுரம் அடங்கும்போது மில்லும் நின்றது. மாடிப்படி வழியே ஒரு குரல் ஏறி வந்தது:

"முடிஞ்சிதா பாப்பா? மிளகா போட்டுடட்டா?"

பதிவை நிறுத்தப் போன செம்மலின் கையைச் சுடர்விழி பிடித்துக்கொண்டாள்.

"போடுங்கக்கா!" என்று கத்தினாள்.

ஆல்பம் அப்படித்தான் முடிகிறது.