அடிவயிறு

மருந்துக்கடையில் அவளுக்கு மின்னல் என்று பெயர். மருந்துப் பையை முதுகில் மாட்டி வீடு வீடாகக் கொடுக்கச் சைக்கிளில் கிளம்பினால் மேட்டுத் தெருவானாலும் இறங்கித் தள்ள மாட்டாள்.

நிறைமாதத்தில் வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தை அழவில்லை. கணவன் ஒரு துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனான். அதன் பிறகு படுக்கையிலிருந்து எழுவதற்கே அவன் கைகொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்குத் திரும்பினாள். மேட்டுத் தெருவில் பாதி ஏறுவதற்குள் இடுப்பு விண்ணென்று வலித்தது, கைகள் மரத்துப்போயின, வண்டி தள்ளாடிச் சாய்ந்தது. காலில்தான் பலம் குறைந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் காட்டப் போனபோது பிசியோதெரபி அம்மா அவளைப் பாயில் படுக்கவைத்து விளக்கினார். கால் மிதிக்கிறது சரி, அந்தக் காலுக்கு ஊன்றுகோல் அடிவயிறும் முதுகும்தான். அவை தொய்ந்துபோனால் பாரமெல்லாம் கையிலும் இடுப்பிலும் இறங்கும். குனிந்து செருப்பு மாட்டுவதற்கும் வாளி தூக்குவதற்கும் அதே கதைதான். மூச்சை விட்டபடி வயிற்றை மெல்ல உள்ளே இழுக்கச் சொன்னார்.

அவள் இழுக்கவில்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்லங்க. உள்ள இழுத்துட்டா, அங்க யாருமே இல்லன்னு ஆயிடும்."

அந்த அம்மா, இன்று மூச்சு மட்டும் விட்டால் போதும் என்றார்.

வீட்டில் கணவனும் பக்கத்தில் படுத்து அதே பயிற்சியைச் செய்தான். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே வளர்த்த தொந்தி அவனுக்கு. "என்னுதை உள்ள தள்ள ரெண்டு ஆள் வேணும் போல" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தழும்பு சுரீரென்றது. அப்படியே அழுதுவிட்டாள். அழுது முடித்தபின், யாரும் சொல்லாமலே, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தாள்.

பிறகு ஒருக்களித்துத் தானாக எழுந்தாள். வாளியைத் தூக்கினாள். மழைக்காலம் முடிந்து ஒரு நாள் மேட்டுத் தெருவில் இறங்காமல் ஏறினாள். உடம்பு ஆடவில்லை, கைகள் லேசாக இருந்தன.

அன்று மாலை கணவன் மெஷினை நிறுத்திவிட்டு, மேடு எப்படி இருந்தது என்று கேட்டான்.

"ஏறிட்டேங்க. வலிக்கவே இல்ல."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அந்தக் குழந்தை அவளிடம் விட்டுப்போனது அந்த வலி ஒன்றைத்தான். அவன் அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.