ஆள் வந்தால் அகலும் தெரு

பூட்டுக்காரர் தெருவின் அகலம் காலையில் எட்டு அடி, சாயங்காலம் இருபத்திரண்டு அடி. நம்பாதவர்கள் வந்து அளந்துகொள்ளலாம். வெளியே ஆள் நின்றால் இருபக்கத்துச் சுவர்களும் விலகிக் கொடுக்கும்; உள்ளே அலமாரியில் டம்ளர்கூட ஆடாது. முதல் மூன்று வீடு கட்டியபோது அது வெறும் சந்து. குழாய் போட்ட வருஷம் குடத்தோடு கூடியவர்களுக்காகப் பன்னிரண்டு அடியானது. ஒரு தேர்தலில் கூட்டம் சேர்ந்து நாற்பது அடி போய், பேசியவர் குரல் எதிர்ச்சுவரை எட்டவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. ஊரடங்கு வருஷத்தில் ஒரு பூனை உட்கார்ந்தால் மறு பூனைக்கு வழியில்லை.

பிறகு நகராட்சி அந்தப் பக்கம் பஸ் விட நினைத்தது. தெரு பதினெட்டு அடி இருக்க வேண்டும், குறைந்தால் முனை வீட்டை இடிப்போம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். முனை வீடு இஸ்திரிக்காரியுடையது. புருஷன் போன பிறகு அந்த ஒற்றை அறையில் துணி தேய்த்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள்.

தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கூடிப் பேசினால் புத்தி வரும் என்று எவன் சொன்னானோ. சர்வேயர் வரும் அன்று தெரு விசாலமாகத் தெரிய வேண்டும் என்று நாற்காலி, சைக்கிள் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தார்கள். தெரு ஆறே அடிக்குச் சுருங்கியது. சர்வேயர் டேப் பிடிக்க ஒரு மேஸ்திரியோடு, தொப்பையை எக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முனை வீட்டுச் சுவரில் இடிப்பதற்கான சிவப்பு மை வைக்கத் தூரிகையை நனைத்தார்.

இஸ்திரிக்காரி வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள். "நல்லா ஒளிஞ்சுக்குங்க! வீடு போனப்புறம் வந்து வேடிக்கை பாருங்க!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. "ஏன்டி இப்படிக் கத்துற? மானம் போகுது."

"மானம் போனா போகட்டும் அண்ணி, இங்க வீடே போகுது. உங்க கல்யாணப் புடவையக் கருக்கி ஓட்டை போட்டது நான்தான், எலி கடிச்சிருக்கும்னு பொய் சொன்னேன். இப்பவாவது வெளிய வாங்க!"

"அடிப்பாவி! இருபது வருஷமா எலிக்குப் பொறி வச்சிட்டிருக்கேன்டி!"

அண்ணி கரண்டியோடு இறங்கினாள். சண்டை என்றதும் நாற்பது கதவும் திறந்தன. முடிவெட்டுகிறவர் பாதி மழித்த ஆளோடு வந்தார். பூட்டுக்காரர் உலகத்துக்கெல்லாம் பூட்டு செய்தவர், தன் கதவைத் திறக்கத் தெரியாமல் ஜன்னல் வழியாகக் குதித்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மேஸ்திரி சுவரோடு சேர்ந்து பின்னால் போய்க்கொண்டே இருந்தார்.

"சார், பதினஞ்சு... இருபது... சார், டேப் பத்தல!"

அதற்குள் அண்ணி கரண்டியைக் கீழே போட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பரவப் பரவ இன்னும் மூன்று அடி. சர்வேயர் தூரிகையைத் துடைத்துவிட்டு, அகலம் என்ற கட்டத்தில் 'ஆட்களைப் பொறுத்து' என்று எழுதினார். மேலதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர்கள் வழக்கம் அது.

இப்போது பஸ் ஓடுகிறது. தெருமுனைக்கு வந்ததும் கண்டக்டர் விசில் ஊதுவார், ஜனங்கள் வாசலுக்கு வருவார்கள், சுவர்கள் விலகும், பஸ் போகும். பஸ் தாமதம் என்பதைத் தவிர வேறு புகார் இல்லை. முனையில் அது மெதுவாகத் திரும்பும்போது இஸ்திரிக்காரி ஜன்னலோரச் சட்டைகளைப் பார்த்து, "ஏங்க, இவ்வளவு கசங்கலோடயா வேலைக்குப் போறீங்க? இறங்குங்க, அஞ்சே நிமிஷம்" என்கிறாள். பாதிப் பேர் இறங்கிவிடுகிறார்கள்.