விரலளவு வாசல்

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால், போதகர் தன் மைத்துனரை வெளியே நிறுத்திய ஞாயிறன்றுதான் ஆலயத்தின் வாசல் சுருங்கத் தொடங்கியது. அதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. வாசல்களைத் திறவுங்கள், நீதியுள்ள மக்கள் உள்ளே வரட்டும் என்ற தீர்க்கதரிசன வசனம் வாசல் நிலைக்கு மேலே எழுதியிருந்தது. அது பரலோக நகரத்தின் வாசல், கடைசி நாளில்தான் திறக்கும் என்றார் மூப்பர். நீதி நாம் சம்பாதிப்பதல்ல, விசுவாசித்தவருக்குக் கிடைக்கும் ஈவு என்றார் பள்ளி ஆசிரியை. நீதியில்லாதவர் வரக்கூடாது என்பதே பொருள் என்று சொன்ன போதகர், குடித்துவிட்டு வந்த மைத்துனரைத் தடுத்தார். நிலை ஒரு விரல் உள்ளே நகர்ந்தது.

பிறகு கணவனைப் பிரிந்தவள், பொய்ச்சாட்சி சொன்னவர், ஜெபத்தில் தூங்கியவர். ஒவ்வொருவரைத் தடுத்தபோதும் ஒரு விரல் குறைந்தது. கொத்தனார் இடித்த சுவர் விடிவதற்குள் வளர்ந்துவிட்டது. "மோட்சத்துக்கு மெலிஞ்சாத்தான் போக முடியும் போல," என்று சொல்லிப் பக்கவாட்டில் நுழைந்துகொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரரும் ஒருநாள் வெளியே நின்றுவிட்டார். கடைசியில் போதகர் மட்டும் உள்ளே இருந்தார், வெளியே வர வழியில்லாமல். மனைவி இடுக்கு வழியாகச் சாப்பாடு நீட்டிக்கொண்டே கேட்பாள்:

"யாரு நீதிமான்னு பாக்கவா சொல்லியிருக்கு? தொறக்கத்தானே சொல்லியிருக்கு. நான் செத்தா என்னை எப்படிங்க உள்ள கொண்டு போவீங்க?"

அவர் சாப்பாட்டை வாங்கிக்கொள்வார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். வருடங்கள் இப்படியே போயின.

அவள் இறந்தபோது மைத்துனர்தான் பெட்டியைச் சுமந்துவந்து இடுக்கின் முன் வைத்தார். உள்ளிருந்து ஒரு கை வந்து பலகையைத் தடவியது. பிறகு போதகரின் குரல் வந்தது.

"மாப்ள, உள்ள வா."

"எங்க வர மச்சான்? கை மட்டுந்தான் நுழையும்."

"தெரியும். வான்னுதான் சொல்றேன்."

நிலை ஒரு விரல் அகன்றது. பெட்டிக்கு அது போதவில்லை. அவளை உள்ளே கொண்டுபோகாமலே அடக்கம் செய்தார்கள்.

அதன்பின் தெருவில் போகும் எல்லாரையும் போதகர் கூப்பிட்டார். பலர் வரவில்லை. வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு விரல். ஒரு பெட்டி நுழையும் அளவுக்கு வாசல் அகன்ற நாளில், அவருடைய பெட்டி அதன் வழியாக வெளியே வந்தது.

மூப்பரும் ஆசிரியையும் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மைத்துனர் குடியை விடவில்லை, முன்வரிசையில் உட்காருகிறார். வாசல் இன்னும் அகன்றுகொண்டிருக்கிறது, முன்சுவர் அநேகமாக இல்லை. மழை பெய்தால் எல்லாரும் முன்வரிசைப் பக்கம் நகர்ந்து ஒருவருக்கொருவர் இடம்விட்டு உட்காருகிறார்கள்.