கம்சிங் இடித்த நண்டு

எங்கள் வனக்காவல் முகாமில் சமையல் என் பொறுப்பு. உரல் மட்டும் யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். அன்றைக்கு அதுதான் வினையாகிப்போனது.

பல்கலைக்கழகத்திலிருந்து வரன்யா டீச்சர் வந்திருந்தார். ஹுவாய் தாங் ஓடையில் இருக்கும் ஊதாக்கால் நண்டுக்கு உலகத்தில் யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லையாம். போன வருஷம் அலைந்தும் பெண் நண்டுகளே கிடைத்தன. ஆண் நண்டு இல்லாமல் புது இனம் என்று நிரூபிக்க முடியாதாம். மழைக்காகக் காட்டை மறுநாள் மூடுகிறார்கள். நல்லவேளை, காலையில் ஓர் ஆண் சிக்கியது. டீச்சரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வாளியில் விட்டு, ஈரத்துணியால் மூடி, சமையலறை நிழலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் விறகோடு திரும்பினால், காவலன் கம்சிங் உரலில் பப்பாளிக்காய் இடித்துக்கொண்டிருக்கிறான். அதில் பச்சை நண்டையும் போட்டு இடித்து, வேகவைக்காமல் அப்படியே தின்பது எங்கள் ஊர்ப் பழக்கம். சரியான தின்னிப்பண்டாரம். உரலுக்குள் ஊதாக் கால்கள்.

"அடப்பாவி, எந்த நண்டுடா அது?"

"ஈரத்துணி போட்டு மூடியிருந்துச்சேக்கா. சந்தையில வாங்குற வயல் நண்ட நீ அப்படித்தானே வைப்பே?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உலக்கையைப் பிடுங்கி அவன் மண்டையில் போட்டிருப்பேன். அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். உரலைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"வாயில வச்சிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்லீங்க டீச்சர். இன்னும் உப்புகூட பாக்கல."

"வைக்காத. ஓடை நண்ட பச்சையா தின்னா நுரையீரல்ல புழு வரும்."

என்ன மனுஷி பாருங்கள். பட்ட பாடெல்லாம் உரலில் கூழாகிக் கிடக்கிறது, அவருக்கு இந்தத் தடியனின் நுரையீரல் கவலை.

பிறகு என் குப்பைக்கூடைக்குள் கையை விட்டார். இடிப்பதற்கு முன் ஓட்டையும் வயிற்று மடலையும் பிய்த்து எறிவது எங்கள் வழக்கம். மடலைத் தேடியெடுத்து லென்ஸில் பார்த்தார். ஆண் நண்டுக்கு அதனடியில் முள் மாதிரி இரண்டு உறுப்புகள் இருக்கும். இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் மாறுமாம்.

"நுனி வளைஞ்சிருக்கு. புதுசுதான் லம்யாய் அக்கா." என்றார். "ஆனா முழு நண்டு வேணும். இத மட்டும் வச்சுப் பேர் வைக்க முடியாது."

கம்சிங் உலக்கையை வைத்துவிட்டு எழுந்தான். "வாங்க டீச்சர், போலாம்."

மழை பிடித்துக்கொண்டது. மூவரும் ஓடையோரம் வளை வளையாகத் தேடினோம். எல்லாம் பெண். இருட்டப்போகும் நேரத்தில், வேருக்கடியில் தோள்வரை கையை விட்டவன் "ஸ்ஸ்" என்றான்.

"கடிக்குதா? உதறாத. உதறினா கொடுக்கைக் கழட்டிட்டு ஓடிடும்," என்றார் டீச்சர்.

முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவன் அவன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு, ரத்தம் வடிய, மெல்ல மெல்லக் கையை வெளியே எடுத்தான். விரலைக் கவ்வியபடி நண்டு தொங்கியது. டீச்சர் மடலை விலக்கிப் பார்த்தார். ஆண். அவர் அழுதாரா என்று மழையில் தெரியவில்லை. நான் அழுதேன்.

"என் பேர வச்சிடாதீங்க டீச்சர், ஊர்ல கேலி பண்ணுவாங்க," என்றான்.

ஓடையின் பெயரைத்தான் வைத்தார். பிறகு எங்களை அழைத்துப்போய் அருங்காட்சியகத்தில் காட்டினார். குடுவையில் முழு நண்டு. சீட்டில் 'பிடித்தவர்: கம்சிங்' என்றிருந்தது. பக்கத்துக் குப்பியில் அந்த மடல். அதன் சீட்டில் 'கிடைத்த இடம்: முகாம் சமையலறை, குப்பைக்கூடை.'

"இதையுமா எழுதணும்?" என்று முனகினான்.

"டீச்சருக்குப் பொய் எழுத வராதுடா."

பிறகு தழும்பு விழுந்த விரலால் முதல் குடுவையில் தன் பெயரைத் தொட்டான்.

"அப்ப இதுவும் நெசந்தான்," என்றான்.