ஆளுநர் எழும்வரை

மன்னரின் பிரதிநிதி இருக்கும் இடத்தை விட்டு, அவர் கிளம்பும் முன் யாரும் கிளம்பக் கூடாது. எங்கள் மாகாணத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம் இது. மூத்திரம் முட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் ஆளுநர் லியோனா கீப்பிங் எந்த விருந்திலும் நாற்பது நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டார்.

"நான் போனாத்தானே கேப்டன், இவங்க பொத்தானக் கழட்டிட்டுச் சிரிப்பாங்க," என்பார். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் உள்ளே சிரிப்பு கிளம்பிவிடும். அதைக் கேட்டபடி அவர் கையுறையைக் கழற்றுவதை ஆறு வருடமாக முன்சீட்டில் இருந்து பார்க்கிறேன். நான் அவருடைய மெய்க்காவல் உதவியாளன். கடிகாரம் பார்ப்பது என் வேலை.

அன்று போயிருந்தது அவர் பிறந்த தீவுக்கு. அங்கே தேவாலயக் கூடத்துக்கு நூறு வயது, அதற்கு விருந்து. பட்டாணி சூப், வெல்லப்பாகு ரொட்டி, டப்பாப் பால் ஊற்றிய டீ. அறுபது பேர். கதவோரம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு நின்றவர் கார்லண்ட், ஆளுநரின் அண்ணன். எட்டு மாதமாகத் தங்கையோடு பேசவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். தீவுக்கு வரும் பயணிகள் படகை நிறுத்தச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. எழுத்தர் அதன் பெயரை வாசித்தார், ஆளுநர் மன்னர் சார்பில் தலையசைத்தார், சட்டம் ஆனது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. பிடிக்கவில்லை என்று வெளியே சொல்லவும் கூடாது. கார்லண்டின் மனைவி ஊனாவுக்கு வாரம் மூன்று நாள் அக்கரையில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். படகு நின்ற பிறகு அவள் அங்கே ஒரு வாடகை அறையில், இவர் இங்கே தனியாக.

நாற்பதாவது நிமிடம் நான் தொண்டையைக் கனைத்தேன்.

"இன்னொரு டீ," என்றார் ஆளுநர்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னொரு டீ. இரண்டு மணி ஆயிற்று. குழந்தைகள் சிணுங்கின. அக்கரையிலிருந்து சொந்தப் படகில் வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று ஏறிக்கொண்டிருந்தது.

கூடத்தின் பொறுப்பாளர் மிஸஸ் பார்டி என் காதில், "இந்தம்மாவுக்கு வீடு வாசல் இல்லையாப்பா? அலை எழும்பிச்சுன்னா இவங்கல்லாம் எங்க படுக்கிறது, என் தலை மேலயா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளுநர் எழுந்தால் அண்ணன் போய்விடுவார். எழாதவரை அவரும் போக முடியாது. ஒரு மனிதரை அறைக்குள் வைத்திருக்க அறுபது பேரைப் பிடித்துவைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பரிதாபம் அதிகம் வந்தது, அதுவும் உண்மை.

கடைசியில் கார்லண்ட்தான் வந்தார். எல்லோரும் குனிந்து 'மாண்புமிகு' சொல்லும் அந்த நாற்காலிக்கு முன்னால் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார்.

"லியோனா, எனக்காகத்தான இத்தன பேரையும் கட்டிப்போட்டு வச்சிருக்க?"

"ஒரு வார்த்த பேசுண்ணே. திட்டவாவது செய்."

"அன்னைக்கி நீ ஒரு வார்த்த பேசுனியா? தலைய ஆட்டுன."

"எனக்கு வாயே இல்லண்ணே அந்த எடத்துல."

"தெரியும். ஊனாவும் அதத்தான் சொல்றா. அவ நல்லவ. என்னால முடியல."

தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். மிஸஸ் பார்டி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கூடத்தில் நூறு வருடத்தில் யாரும் செய்யாத காரியம். நான் தடுக்க ஓரடி எடுத்து வைத்தேன்.

"விடுங்க கேப்டன்," என்றார் ஆளுநர். "அவன் ராஜாவோட ஆள விட்டுட்டா போறான்? என்னைய விட்டுட்டுப் போறான்."

கதவு சாத்திக்கொண்டது. ஆளுநர் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். தோளைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. எழுந்து போகவும் யாராலும் முடியாது. அறுபது பேரும் மடியில் கைவைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.