மூச்சு திரும்பும் இடம்

குதிரை என்பது அவனுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். தண்ணீர் கொண்டுவா என்றால் ஓடிப்போய், பாதியைத் தரைக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கொண்டுவந்து நீட்டுகிற பிள்ளை. கல்லூரியில் இடம் கிடைத்ததும் ஐயாயிரம் மீட்டர் ஓடும் அந்தக் கால்களால்தான். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமல் இருப்பது நல்லது.

தொற்று வந்ததும் விடுதியை ஒரே நாளில் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு பையில் துணியும் இன்னொன்றில் ஓடுகிற ஷூக்களுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஊரிலுள்ள பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிற அப்பா, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் குடியிருந்தார். “ஊரையே மேல ஏத்திவிடுறேன், என்னை ஏத்திவிட ஒரு ஆள் இல்ல” என்று படியேறி வரும்போதெல்லாம் சொல்வார். அம்மா அதற்குச் சிரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

முதலில் மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடினான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். “தம்பி, நீ எங்க வாசல் வழியா புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு ஓடுற. அந்த மூச்சு எங்க போகும்?” நியாயமான கேள்விதான், ஆனால் கேட்டவர் மூக்கு வெளியே இருந்தது. மொட்டை மாடிக்கும் அன்றே பூட்டு விழுந்தது.

மிச்சமிருந்தது கூடம் மட்டும். சமையலறை ஜன்னலில் கிளம்பினால், வேகம் பிடிப்பதற்குள் பால்கனிக் கம்பி வந்துவிடும். போதாததற்குக் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்தார். ஓட்டம் நடையாயிற்று. காலையில் பயிற்சியாளர் செல்போன் திரையில் வந்து எல்லோரையும் குதிக்கச் சொல்வார். பாதி நேரம் அவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். நூறு மீட்டரில் சீறிப் பாய்கிற பையன் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் காட்டினான். குண்டு எறிகிறவள் ஒருநாள் தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, “இப்ப என்னையே எறியலாம் சார்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வாரம் போகப் போக வருகிறவர்களும் குறைந்தார்கள்.

காலையில் எழுந்ததும் கழுத்தில் இரண்டு விரல் வைத்து நாடி பார்ப்பது அவன் பழக்கம். நிதானமாக அடிக்கிற இதயம்தான் நெடுந்தூரம் ஓடுகிறவனின் சொத்து என்று பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த நாடி நாளுக்கு நாள் அவசரப்பட்டது. தொடைச் சதை கைக்குக் கொழகொழவென்று தட்டுப்பட்டது. கல்லூரி திறந்ததும் மறுபடி தேர்வு ஓட்டம் உண்டு, தேறாதவனுக்கு அணியிலும் இடமில்லை, விடுதியிலும் இடமில்லை. இப்படியே கிடந்தால் தான் கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடுவோம் என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. பயந்தவன் எழுந்து ஏதாவது செய்திருக்கலாம். அவனோ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் எரிந்து விழுந்தான்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதென்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். “நோயாளியை எல்லாம் தூக்கிக்கிட்டுப் படியேறுறாங்களாம். போகாம இருக்க முடியுமா?” என்று கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனார். சரிசெய்துவிட்டுத்தான் வந்தார். அந்த வாரமே காய்ச்சல் வந்தது.

அம்மாவுக்கும் அவனுக்கும் தொண்டைக் கரகரப்போடு போயிற்று. அப்பாவை மட்டும் அது படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியை எந்தக் கடையிலும் காணோம். போனில் கிடைத்த டாக்டர், “நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். மூச்சு வாங்கினா உடனே கூட்டிட்டு வாங்க, எப்படியாவது பார்ப்போம்” என்றார்.

சில நாளில் காய்ச்சல் விட்டது. அப்பா எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடி, கையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடந்தார். அவனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. படுத்தே கிடந்தால் உடம்பு என்ன ஆகும் என்பது இந்த வீட்டில் அவனைவிட யாருக்குத் தெரியும்?

“அப்பா, எந்திரிங்க. படுத்தே இருந்தா சதையெல்லாம் போயிடும். நான் இருக்கேன், வாங்க நடக்கலாம்.”

“டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காருடா, சும்மா இரு” என்றாள் அம்மா.

“காய்ச்சல்தான் விட்டுடுச்சே. டாக்டருக்கு ஸ்போர்ட்ஸ் பத்தி என்னம்மா தெரியும்?”

அப்பா அவனைப் பார்த்தார். பிறகு கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றார். ஜன்னலிலிருந்து பால்கனிக் கம்பிவரை, அங்கிருந்து மறுபடி ஜன்னல்வரை. அவன் பக்கத்திலேயே நடந்தான். முட்டியைத் தூக்குங்க, தோளைத் தளர்த்துங்க, மூக்கால இழுங்க என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அப்பாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். நாடி தறிகெட்டு ஓடியது. பயிற்சி இல்லாத இதயம் அப்படித்தான் அடிக்கும் என்று முடிவு செய்துகொண்டான். அன்று அவனும் வயிறாரச் சாப்பிட்டான்.

அப்பா உள்ளே அம்மாவிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. “ஒரு மாசத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் பய மூஞ்சில சிரிப்பைப் பார்க்கிறேன். ரெண்டு நடை நடந்துட்டுப் போறேன், என்ன குறைஞ்சு போச்சு?” அதைக் கேட்டு அவன் சந்தோஷப்பட்டான். பிற்பாடு அதை நினைக்கிறபோதெல்லாம் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அடுத்த நாளும் நடந்தார்கள். அதற்கடுத்த நாள் சாயங்காலம், வெயில் இன்னும் பால்கனியில் இருந்தது, அப்பாவுக்கு மேல்மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து நின்றார்.

“போதுண்டா குதிரை.”

“இதாம்பா முக்கியமான இடம். எனக்கும் ஓட ஓட இப்படித்தான் நெஞ்சை அடைக்கும். இங்க நின்னுட்டா போச்சு. இதைத் தாண்டினா ரெண்டாவது மூச்சுன்னு ஒண்ணு வரும், எங்க சார் சொல்வாரு. தானா லேசாயிடும். இன்னும் கொஞ்சம்பா.”

வீட்டுக்குள் ஒரு மனிதர் மூச்சு வாங்குகிறார், அந்த ஒரு அடையாளத்தைத்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அது அவனுக்கு நினைவுக்கு வராமலில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்த மூச்சிரைப்பெல்லாம் தாண்டிப் போகக் கூடியது.

அப்பா சுவரைவிட்டுக் கையை எடுத்து நடந்தார். கம்பியைத் தொட்டுத் திரும்பினார். மூச்சிரைப்பு மெல்ல மெல்ல அடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“என்னப்பா, எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குடா. ஒண்ணுமே தெரியல.”

“பார்த்தீங்களா!” அவன் சமையலறைக்கு ஓடினான். “அம்மா, அப்பாவுக்கு மூச்சு திரும்பிடுச்சு!”

அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. உதடு நீலமாக இருந்தது. “என்னங்க” என்றாள். அவர் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர்போல, “வயரைத் தொடாதே, கரண்டு இருக்கு” என்றார்.

ஆம்புலன்ஸ்காரரும் அவனுமாக அந்த நாற்காலியோடு அவரை மூன்று மாடி இறக்கினார்கள். செயலாளர் வீட்டுக் கதவு திறந்து மூடியது. ஆஸ்பத்திரியில், அப்பா சரிசெய்த அதே லிஃப்டில்தான் அவரை ஏற்றினார்கள். அது குலுங்காமல் மேலே போயிற்று. அவனை உள்ளே விடவில்லை.

வெளியே வந்த டாக்டர் சின்னப் பெண். கவச உடைக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. “மூச்சு வாங்கலையா?” என்று கேட்டார்.

“வாங்கிச்சு. அப்புறம் தானா சரியாயிடுச்சு. நல்லா இருக்குன்னு சொன்னாரு.”

“சரியாகலப்பா. உடம்பு ஓஞ்சு போயிருக்கு. ஆக்சிஜன் இறங்கினது அவருக்கே தெரியல. இந்த நோயில அதுதான் மோசம்.” கையிலிருந்த தாளைப் பார்த்தார். “படுக்கையிலதானே இருந்தாரு?”

“நடக்க வச்சேன்.”

அவர் திரும்பி உள்ளே போனார். மறுநாள் காலையில் அப்பா போய்விட்டார்.

அம்மா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. தட்டில் சோற்றைப் போட்டு, “சாப்பிடு” என்பாள், அவ்வளவுதான். அவன் கூடத்தின் குறுக்கே நடப்பதையே விட்டான். பால்கனிக்குப் போகவேண்டியிருந்தால் சுவரோரமாகச் சுற்றிப் போனான்.

கல்லூரி திறந்தது. போகவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவனை, “வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணப் போற? போ” என்று அம்மாதான் அனுப்பினாள். மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தேர்வு ஓட்டத்தில் பழைய அணி மொத்தமும் தள்ளாடியது. நூறு மீட்டர்க்காரன் தொடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டான். ஐயாயிரம் மீட்டருக்கு வந்தவர்கள் பாதியிலேயே வாயால் மூச்சு வாங்கினார்கள். அவனுக்கும் நெஞ்சு அடைத்தது, வாயில் இரும்புச் சுவை ஏறியது. அப்படியே விழுந்தால் நல்லது என்று நினைத்தபடி ஓடினான்.

“விடாதே, தாண்டு!” பயிற்சியாளர் கோட்டோரமாக ஓடிவந்து கத்தினார். “இப்ப வந்துடும் பாரு! வந்துடும்!”

வந்தேவிட்டது. இறுகியிருந்த நெஞ்சு இளகி, கால்கள் லேசாயின. முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினான். இந்த உடம்பு எதையும் மறக்கவில்லை.

அவன் நின்றுவிட்டான்.

பின்னால் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். பயிற்சியாளர் பதறிப்போய் வந்து தோளைப் பிடித்தார். “ஏன்டா நின்ன? என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணல சார்” என்றான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நல்லா இருக்கு.”